மூப்படைந்த இறக்கைகள்: காமெட் முதல் நிம்ராட் வரை



போர் விமானம் என்றதும் அதன் வேகம் நம் நினைவுக்கு வரும். அதன் வயது வருவதில்லை. ஆனால் இன்று உலகெங்கும் பறந்துகொண்டிருக்கும் படை விமானங்களுள் பல, அவற்றை ஓட்டுபவர்களைவிட மூத்தவை. அமெரிக்க ஆகாயப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களுள் கடைசியானது 1962-இல் தொழிற்கூடத்தை விட்டு வெளிவந்தது. அதற்குப்பின் அவ்வகையில் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. எனினும் அவை இன்னும் பணியில் உள்ளன. தாத்தா ஓட்டிய விமானத்தைப் பேரன் ஓட்டுவது அங்கே புதுமையன்று. இவ்வாறு வயதேறிய ஓர் இயந்திரத்தை, அதில் ஏறுபவர் உயிருக்குக் கேடு வராத வகையில் காத்துவருவது எப்படி? இக்கலையை மனிதர் கற்றுக்கொண்ட வரலாற்றின் தொடக்கத்தில் நம் சிங்கப்பூரின் பெயரும் இடம்பெற்றிருக்கிறது.

காலாங் விமான நிலையம் இயங்கிய காலம் அது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான காமெட், 1952-இல் சேவையைத் தொடங்கி, அதே ஆண்டில் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. இங்கிருந்து லண்டனுக்குப் பயணம் மேற்கொண்ட ஒரு காமெட், 1953 மே 2 அன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து எழும்பிய சில நிமிடங்களில் இடிமழைக்குள் சிக்கி உடைந்து வீழ்ந்தது. 43 பேர் மாண்டனர். வானிலையே காரணம் என்று அப்போது கருதப்பட்டது. எட்டு மாதம் கழித்து, 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரில் தொடங்கிய மற்றொரு லண்டன் பயணத்தின் இறுதிக் கட்டத்தில், ரோமிலிருந்து எழும்பிய காமெட் இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் சிதறியது. அதில் 35 பேர். அன்று வானம் பழிசொல்ல இடந்தரவில்லை. ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸுக்கு அருகே கடலில் விழுந்தபோது, காமெட் விமானங்கள் அனைத்தும் தரையிறக்கப்பட்டன.

பின்னர் நடந்த ஆய்வு பொறியியல் வரலாற்றில் புகழ்பெற்றது. பிரிட்டிஷ் கடற்படை எல்பா கடலடியிலிருந்து சிதைவுகளை மீட்டது. ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்தில் ஒரு முழுக் காமெட் விமானத்தின் உடற்பகுதியை நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தி, உள்ளே நீரை ஏற்றியும் இறக்கியும், ஒவ்வொரு பறப்பிலும் அறைக்குள் ஏறித்தாழும் காற்றழுத்தத்தைப் போலச் செய்தனர். காற்றுக்கு மாறாக நீரைக் கையாண்டதற்குத் தக்க காரணம் உண்டு. காற்றை நிரப்பி உடைத்தால் குண்டு வெடித்ததுபோல் எல்லாம் சிதறிவிடும்; விரிசல் எங்கே தொடங்கியது என்று காண இயலாது. நீர் அவ்வளவாக அமுங்காது. ஆகவே கிழிந்த இடம் கிழிந்தபடியே நிற்கும். அவ்விமானம் முன்பு பறந்தவை 1,221 முறை. தொட்டியில் பறந்ததுபோல் செய்தவை 1,836 முறை. ஆக 3,057-ஆம் சுற்றில் ஒரு சாளர மூலையருகே உடல் கிழிந்தது. எல்பா விமானமோ ஏறத்தாழ 1,290 பறப்புகளிலேயே கிழிந்திருந்தது.

இங்கு இடைக்குறிப்பாக ஒன்று. காமெட் விழுந்தது அதன் சதுரச் சாளரங்களால்தான் என்று பல பாடநூல்களில் காண்கிறோம். எல்பாவில் மீட்ட சிதைவுகளில் முதற்கிழிசல் தொடங்கியது பயணிகளின் சாளரத்தில் அன்று. கூரையில் திசையறி வானொலிக்காக வெட்டிய திறப்பின் ஓரத்தில். வகுப்பறையில் இதைச் சொல்லும்போது, திறப்பின் மூலைகளில் குவியும் தகைவு, அங்குள்ள தறையாணித் துளைகள், மெல்லிய தகடு ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வது நன்று.

இந்நிகழ்வால் பொதுமக்களின் பேச்சில் ஒரு கலைச்சொல் புகுந்தது: உலோகச் சோர்வு. ஒரு கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னுமாகப் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தாங்கக்கூடிய சுமைதான். ஆயினும் எண்ணிக்கை கூடக்கூடக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று வளர்கிறது. மொழியோடு பழகும் நாம் இச்சொல்லின் ஒரு குறையையும் அறிந்திருக்க வேண்டும். சோர்ந்த மனிதன் உறங்கி எழுந்தால் தெளிவடைவான். உலோகம் அப்படித் தெளிவதில்லை. கொட்டகையில் ஓராண்டு நிறுத்திவைத்தாலும் விரிசல் ஆறாது. நிறுத்திவைத்த காலத்தில் துரு வேறு சேர்ந்துகொள்ளும்.

உண்மையில் விமானத்தின் மூப்பு ஒரே கணக்கில் அடங்குவதன்று. சோர்வு பறப்புகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது. அரிப்பு நாட்காட்டியைச் சார்ந்தது. பறந்தாலும் பறக்காவிட்டாலும் உப்புக்காற்றும் ஈரமும் தம் வேலையைச் செய்யும். மின்கம்பிகளின் உறை காய்ந்து வெடிக்கும். எரிபொருள் குழாய் இணைப்புகளிலுள்ள ரப்பர் வளையங்கள் இறுகும். இவற்றுக்கெல்லாம் அப்பால், ஏட்டில் ஏறாத மூப்பு ஒன்றுண்டு. இருபது ஆண்டுகளில் பத்து முறை புதுக்கருவிகள் பொருத்தப்படும். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து பொருத்தியிருப்பர். அவை ஒன்றோடொன்று சேரும்போது நேர்வதை எவரும் ஆராய்ந்திருக்கமாட்டார். முதலில் வரைந்த பொறியாளர் ஓய்வுபெற்றிருப்பார்.

படை விமானத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: அதன் வேலை மாறிக்கொண்டேயிருக்கும். அமெரிக்காவின் பி-47 குண்டுவீச்சு விமானம் மெல்லிய காற்றில் மிக உயரே பறப்பதற்கெனச் செய்யப்பட்டது. ராடாருக்கு ஒளிந்து தரையை ஒட்டிப் பறக்க வேண்டும் என்று 1950-களில் முறையை மாற்றினர். தரையருகே காற்று அடர்த்தி மிக்கது, குலுக்கல் மிக்கது. இறக்கைகள் கணக்கிட்டதைவிட விரைவாகச் சோர்ந்தன. 1958 மார்ச் 13 அன்று ஒரே நாளில் இரண்டு பி-47 விமானங்கள், ஒன்று ஃபுளோரிடாவிலும் மற்றொன்று ஓக்லஹோமாவிலும், வானில் உடைந்தன. அடுத்த சில வாரங்களில் மேலும் சில விழுந்தன. விமானங்களை வரவழைத்து, இறக்கையை உடலோடு பிணைக்கும் முளைகளையும் அவற்றைச் சுற்றிய பகுதிகளையும் வலுப்படுத்தினர். அம்முளைகள் பால்புட்டியின் வடிவில் இருந்ததால் அத்திட்டத்துக்கே ‘பால்புட்டி’ என்று பெயர் வழங்கிற்று. ஒவ்வொரு விமானத்தின் கட்டமைப்பையும் அதன் ஆயுள் முழுவதும் கண்காணிக்கும் முறையான திட்டத்தை அமெரிக்க ஆகாயப்படை அவ்வாண்டிலேயே தொடங்கியது.

அத்திட்டத்தின் முதற்கொள்கை எளியது. ஒரு மாதிரி விமானத்தைச் சோதனைக்கூடத்தில் உடையும்வரை குலுக்குவர். அது தாங்கிய காலத்தை ஒரு பாதுகாப்பு எண்ணால் வகுப்பர். வரும் விடையே அவ்வகை விமானத்தின் ஆயுள். கணக்கு சரிதான். ஆனால் மாதிரி விமானமும் பறக்கும் விமானமும் ஒரே தரத்தில் செய்யப்பட்டவை என்ற நம்பிக்கை அதனுள் ஒளிந்திருந்தது. 1969 டிசம்பர் 22 அன்று அந்நம்பிக்கை நெவாடாவில் உடைந்தது. எஃப்-111 என்னும் புத்தம்புதிய விமானம். ஏறத்தாழ நூறு மணிநேரமே பறந்திருந்தது. அதன் இடது இறக்கை கழன்று விழுந்தது, இருவர் மாண்டனர். இறக்கையைத் தாங்கும் எஃகுப் பகுதியில், வார்த்தடித்த நாளிலேயே இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த ஒரு குறை இருந்தது. எல்லாச் சோதனைகளையும் ஏமாற்றி அது உள்ளே தங்கியிருந்தது.

இதன்பின் பொறியாளர்கள் கேள்வியையே மாற்றினர். ‘விரிசல் எப்போது தோன்றும்’ என்று கேட்பதை விட்டு, ‘விரிசல் இப்போதே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்; எவ்வளவு பெரிதானால் கொல்லும், அதற்குமுன் எத்தனை முறை நாம் பார்க்க வேண்டும்’ என்று கேட்கத் தொடங்கினர். என் கருத்தில், இத்துறையின் ஐம்பதாண்டு வரலாற்றில் இதைவிடப் பெரிய சிந்தனை மாற்றம் இல்லை. எஃப்-111 விமானங்களுக்கென ஒரு விந்தையான சோதனையையும் வகுத்தனர். விமானத்தை ஒரு குளிரறைக்குள் நிறுத்தி, சுழியத்துக்குக் கீழ் 40 பாகைவரை குளிரவைத்து, இறக்கைகளை நீரியல் விசையால் மேலும் கீழும் வளைப்பர். குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை பெறும். சாதாரண வெப்பத்தில் பொறுத்துக்கொள்ளும் சிறு விரிசலையும் அங்கே பொறுக்காது. ஆகவே குளிரறையில் உடையாமல் வெளிவந்த இறக்கையில் ஆபத்தான அளவு விரிசல் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்; அடுத்த சோதனைவரை அதற்குப் பறக்க உரிமை உண்டு. சில விமானங்கள் உள்ளேயே உடையவும் செய்தன. உடைந்தால் தரையில் உடையட்டும் என்பதுதானே நோக்கம்.

இதே எஃப்-111 விமானத்தை ஆஸ்திரேலியா 1973 முதல் 2010 வரை வைத்திருந்தது. விமானத்தின் பாதுகாப்பு மட்டுமா, பராமரிப்பவரின் பாதுகாப்பு என்னாயிற்று என்ற கேள்வியை எழுப்பியது குவீன்ஸ்லாந்தின் ஆம்பர்லி தளமே. அவ்விமானத்தின் எரிபொருள் தொட்டி தனிப்பை அன்று, உடற்கட்டமைப்பே தொட்டி. தகடுகள் சேருமிடங்களில் பூசிய கசிவடைப்புப் பசை, எரிபொருள் பட்டுப் பட்டுச் சிதைந்து ஒழுகத் தொடங்கியது. பழைய பசையைக் கரைத்துச் சுரண்டிப் புதிதாகப் பூச வேண்டும். அதற்கு ஆட்கள் தொட்டிக்குள் நுழைய வேண்டும். குனியவும் இடமில்லாத இருட்டறை, கடும் வேதிக்கரைப்பான்களின் ஆவி. 1977-இல் தொடங்கிய இவ்வேலை பல கட்டங்களாக 2000-ஆம் ஆண்டுவரை நடந்தது. தோல் நோய், நினைவுக் குழப்பம், மனச்சோர்வு எனப் பணியாளர்கள் முறையிட்டும் காதுகொடுப்பார் இல்லை. 2001-இல் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்த பிறகுதான் அவர்களது துன்பம் நாடறிந்தது. விமானம் பத்திரமாகப் பறந்தது; அதைப் பறக்கவைத்த நூற்றுக்கணக்கானோர் உடல்நலத்தால் விலை கொடுத்தனர். விமான வரலாறுகளில் விமானிகளின் பெயர்கள் தடித்த எழுத்தில் வரும். தொட்டிக்குள் ஊர்ந்தவர்களுக்கு ஒரு பத்தியாவது உரியதன்றோ?

நம் வட்டாரமும் பழைய விமானங்களோடு வாழப் பழகியதே. சிங்கப்பூர் ஆகாயப்படை 1970-களில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி முடித்த ஸ்கைஹாக் விமானங்களை வாங்கிப் புதுப்பித்தது. 1980-களில் அவற்றின் பழைய எஞ்சினை அகற்றி எஃப்404 எஞ்சினைப் பொருத்தியதால் ‘சூப்பர் ஸ்கைஹாக்’ பிறந்தது; பிரான்சின் கசோ தளத்தில் பயிற்சி விமானமாக அது 2012 வரை பறந்தது. மலேசியாவில் ‘நூரி’ என்று அன்போடு அழைக்கப்பட்ட ஹெலிகாப்டர் 1968-இல் பணியில் சேர்ந்து 2020 வரை ஆகாயப்படையில் நீடித்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்! காட்டுக்குள் உணவு சுமந்ததும் வெள்ளத்தில் மக்களை மீட்டதும் நூரிதான். துயரமான விபத்துகளும் அதன் கதையில் உண்டு.

மீண்டும் காமெட் பக்கம் திரும்புவோம். அதன் குறைகளைக் களைந்து ‘காமெட் 4’ செய்யப்பட்டது. அதன் உடலை அடிப்படையாகக் கொண்டு பிரிட்டன் கடற்கண்காணிப்பு விமானம் ஒன்றை உருவாக்கியது. அதற்கு நிம்ராட் என்று பெயர். விற்காமல் நின்ற இரு காமெட் உடல்களையே மாற்றியமைத்து முதல் இரு மாதிரிகளைச் செய்தனர். பிரிட்டிஷ் ஆகாயப்படையிடம் 1969 அக்டோபரில் முதன்முதலாக ஒப்படைக்கப்பட்ட நிம்ராட்டின் எண் எக்ஸ்வி 230. இந்த எண்ணை நினைவில் வையுங்கள்.

நிம்ராட்டின் ஓர் எஞ்சினிலிருந்து மற்றோர் எஞ்சினுக்கு வெப்பக்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் ஒன்று முதல் வடிவமைப்பிலேயே இருந்தது. 1979-இல் மேம்படுத்தியபோது, மின்கருவிகளைக் குளிர்விக்கும் அமைப்புக்காக அதிலிருந்து இன்னொரு கிளைக்குழாய் இட்டனர். அக்குழாயின் வெப்பம் 400 பாகையைத் தாண்டக்கூடியது. அது இறக்கையின் அடிப்புறத்தில், எரிபொருள் தொட்டிக்கு அருகிலுள்ள வெற்றறை ஒன்றின் வழியாகச் சென்றது. 1982-இல் ஃபாக்லந்துப் போர் வந்தது. நிம்ராட் தொலைதூரம் பறக்க வேண்டியிருந்ததால், வானிலேயே எரிபொருள் நிரப்பும் ஏற்பாட்டை அவசரமாகப் பொருத்தினர். 1989-இல் அது நிரந்தரமாயிற்று. இவ்வாறு மூன்று மாற்றங்கள், மூன்று காலங்களில். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. மூன்றும் சேர்ந்தபோது, வானில் நிரப்புகையில் வழியும் எரிபொருள் அந்த வெற்றறைக்குள் இறங்கி, உறையில் இடைவெளி விட்ட சூடான குழாயைத் தொட வழி பிறந்துவிட்டது. அவ்வறையில் தீயறி கருவியும் இல்லை, தீயணைப்பானும் இல்லை. அங்கே சென்று பார்க்க விமானத்தில் இருப்பவர்களுக்கு வழியுமில்லை.

எச்சரிக்கை வராமல் இல்லை. 2004 நவம்பரில் மற்றொரு நிம்ராட்டில் அந்த வெப்பக்காற்றுக் குழாய் அரிப்பால் வெடித்தது. விமானம் தப்பித் தரையிறங்கியது. தப்பிவிட்டதாலேயே அந்நிகழ்வுக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை போலும். 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே எக்ஸ்வி 230 வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டது. சிறிது நேரத்தில் தீ எச்சரிக்கை ஒலித்தது. குழுவினர் நிதானம் இழக்காமல், அருகிலிருந்த தளத்தை நோக்கி விமானத்தைத் திருப்பினர். சில நிமிடங்களில் அது வெடித்துச் சிதறியது. பதினான்கு பேரும் மாண்டனர். விமானத்துக்கு அப்போது வயது 37.

ஹேடன்-கேவ் என்னும் வழக்கறிஞர் தலைமையில் தனி மீளாய்வு நடந்து, 2009 அக்டோபரில் அறிக்கை வெளிவந்தது. தலைமை, பண்பாடு, முன்னுரிமை ஆகியவற்றின் தோல்வி என்பது அதன் துணைத்தலைப்பு. அறிக்கையின் நடுநாயகமாக நிற்பது குழாயன்று, ஓர் ஆவணம். பழைய விமானங்கள் அனைத்துக்கும் ‘இது பாதுகாப்பானது’ என்பதைச் சான்றுகளோடு நிறுவும் ஆவணம் வேண்டும் என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சு விதித்திருந்தது. நிம்ராட்டுக்கான ஆவணம் 2001 முதல் 2005 வரை எழுதப்பட்டது. எழுதியவர்கள், மேற்பார்வையிட்டவர்கள், ஒப்புதல் தந்தவர்கள் எல்லாரும் ஒரே எண்ணத்தோடு அதை அணுகினர்: முப்பது ஆண்டுகளாகப் பறக்கிறது, ஆகவே பாதுகாப்பானதுதான். முடிவை முன்னரே வைத்துக்கொண்டு சான்று தேடினர். பட்டியலிட்ட ஆபத்துகளுள் 40 விழுக்காட்டுக்கு மேல் தீர்வுகாணாமல் திறந்தே இருந்தன; 30 விழுக்காட்டுக்கு மேல் வகைப்படுத்தப்படவேயில்லை. பணி முடிந்தது என்று கூறிய கூட்டத்தில் இந்த எண்கள் வெளிப்படுத்தப்படவில்லை. சார்பற்ற ஆலோசகராக இருந்த தரப்பும், தான் கருத்துரைத்த அறிக்கைகளை உரியவாறு படிக்கவில்லை என்று மீளாய்வு கடிந்தது. எரிபொருளும் சூடான குழாயும் சந்திக்கும் அந்த அறைகூட ஆவணத்தில் இருந்தது! ஆனால் ‘நிகழ வாய்ப்பு மிகக் குறைவு’ என்ற வகையில் அதை ஒதுக்கிவிட்டனர்.

இவ்விடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். ஏனெனில் மொழி மன்றத்தின் மேடையில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? காமெட்டைக் கொன்றது அறியாமை; அன்று உலோகச் சோர்வைப் பற்றி மனிதர்க்குத் தெரிந்தது குறைவு. நிம்ராட்டை எரித்தது அறியாமை அன்று. தேவையான அறிவெல்லாம் கோப்புகளில் இருந்தது. அதைப் படித்து, ‘இது பொருந்தவில்லையே’ என்று கேட்கும் ஓர் ஆள் இல்லை. அக்காலத்தில் படையின் பராமரிப்புத் துறைக்குச் செலவை ஐந்தாண்டுகளில் 20 விழுக்காடு குறைக்கும் இலக்கு தரப்பட்டிருந்தது. தலைவர்களின் கவனம் அங்கே இருந்தது. சொற்கள் பக்கம் பக்கமாக நிரம்பியிருந்தும், அவை எதையும் சொல்லாமலிருக்கக்கூடும் என்பதற்கு அந்த ஆவணம் ஒரு சான்று. பிள்ளைகளின் கட்டுரைகளில் பக்க எண்ணிக்கையைப் பாராட்டும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதை ஆசிரியர்கள் மறுக்கமாட்டார்கள்.

விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010-இல் படை விமானங்களின் பறப்புத் தகுதியைக் கண்காணிக்கத் தனி ஆணையம் பிரிட்டனில் அமைந்தது. ஒவ்வொரு விமான அணிக்கும் பாதுகாப்புப் பொறுப்பை ஏற்கும் அலுவலர் ஒருவர் பெயர்சொல்லி நியமிக்கப்பட்டார். குழுவின் பெயரால் கையொப்பமிட்டு நழுவ முடியாது. கண்காணிப்பு நிம்ராட்டுகள் அதே ஆண்டு மார்ச்சில் ஓய்வுபெற்றன. அவற்றின் பழைய உடல்களுக்குப் புதிய இறக்கைகள் பொருத்திப் புத்துயிரூட்டும் திட்டம் 1996 முதல் நடந்துவந்தது. 1960-களில் கையால் இணைக்கப்பட்ட அவ்வுடல்கள் ஒரே அளவுத்தரத்தில் செய்யப்படவில்லை என்பது வேலை தொடங்கிய பிறகே தெரிந்தது. 21 விமானங்கள் என்ற எண்ணிக்கை 9-ஆகக் குறைந்தது. 2010 அக்டோபரில் திட்டமே கைவிடப்பட்டு, செய்தவற்றையும் வெட்டி இரும்புக்குப் போட்டனர்.

மின்னணு உளவுப்பணி செய்த வேறொரு வகை நிம்ராட்டுக்கு மாற்றாக, அமெரிக்காவிலிருந்து மூன்று ‘ரிவெட் ஜாயின்ட்’ விமானங்களைப் பிரிட்டன் வாங்கியது. முதலாவது 2013 நவம்பரில் வந்து சேர்ந்தது. எரிபொருள் வழங்கும் விமானங்களாக இருந்த அவற்றின் உடல்கள் முதன்முதலில் செய்யப்பட்ட ஆண்டு 1964. அதாவது, புதிதாக வாங்கிய விமானம் எக்ஸ்வி 230-ஐவிட ஐந்து ஆண்டு மூத்தது. ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான விமானங்கள் அமெரிக்காவில் பறக்கின்றன. ஒன்றில் கண்ட விரிசல் மற்றவற்றின் ஏட்டிலும் ஏறுகிறது. குறித்த காலத்தில் ஒவ்வொன்றையும் தகடு தகடாகக் கழற்றிப் பார்க்கின்றனர். அந்த மூன்றும் இங்கிலாந்தின் வாடிங்டன் தளத்திலிருந்து பறந்து வருகின்றன.